நகராத கோடு

கதவைச் சாத்தி, கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தபோது மணி பதினொன்றேகால். வெளியே மூன்று நாளாக விடாத மழை. உள்ளே மை இருட்டும் வெற்றிடப் பம்பின் உறுமலும்தான். சுகிர்தா செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு காரியம். மேசைமேல் இருக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரின் குமிழை இடது பக்கமாக இரண்டு சுற்றுத் திருப்ப வேண்டும், அவ்வளவே. வருகிற ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, எந்த நிறம் எவ்வளவு என்று திரையில் வரைந்து காட்டுகிற கருவி அது. நானூற்று முப்பது நானோமீட்டரிலிருந்து ஐந்நூற்றுப் பத்து வரைக்குமான ஒரு ஜன்னல் வழியாகத்தான் இந்த ஆய்வகம் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது. நீலத்துக்கு அது போதும் என்று யாரோ என்றோ வைத்த ஜன்னல், யாரும் அதைத் தொடவில்லை. இரண்டு சுற்றுத் திருப்பினால் நீலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊதாவும் தெரியும். ஊதாவில் ஒன்றும் இல்லையென்றால் எல்லாம் நல்லபடி. இரண்டு மணிக்கு ஆய்வை மதிப்பிடும் குழு வரும், பேராசிரியர் படத்தைக் காட்டுவார், கை தட்டுவார்கள். ஊதாவில் ஏதாவது இருந்தால், என்று அவள் மனம் தொடங்கி அங்கேயே நின்றது, காலில் முள் குத்தியதுபோல. மறுபடி பின்னால் போய் முதலிலிருந்து வந்தது. இரண்டு சுற்று. மாவு ஜாடியின் மூடியைத் திறக்கிற அளவு வேலை. கையுறை போட்ட கைகள் இரண்டும் மடியில் கிடந்தன, வேறு யாருடையவையோபோல. இன்னும் உயிரோடு இருப்பது ஒரு புள்ளிதான், அது நினைவில் இருக்கட்டும், என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். கட்டைவிரல் நகமளவு கண்ணாடித் தகட்டில் நான்கு ஒளிப்புள்ளிகள், ஒவ்வொன்றும் எறும்பின் தலையைவிடச் சிறியது. மூன்று செத்துவிட்டன. நான்காவதும் பத்துப் பன்னிரண்டு மின்துடிப்புக்குமேல் தாங்காது. அதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும். ஆகையால் அவசரப்படக் கூடாது, நிதானம் வேண்டும், என்று நினைத்துக்கொண்டாள். நிதானம் என்ற பெயரில் தான் செய்துகொண்டிருப்பது என்ன என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

முதன்முதலில் அந்தக் கோடு வந்த நாளை நினைத்தாள். நினைக்கக் கூடாதென்று இருந்தாள், ஆனால் இருட்டில் கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அதுதான் தெரிந்தது. செல்போன் திரையில் ஒளிர்கிற அதே வகைப் பொருள்தான், கரிம மூலக்கூறுகளின் மெல்லிய படலம். மின்சாரம் விட்டால் ஒளி தரும். ஆனால் அந்த ஒளி பேருந்து நிலையத்துக் கூட்டம், ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் போகிறவர்கள். லேசர் என்பது அத்தனை பேரும் ஒரே காலடியில் நடப்பது. இந்தப் படலத்தின்மேல் வேறொரு லேசரை அடித்து அதை லேசராக்குவது பழைய கதை. வெறும் மின்சாரத்தால், ஒரு பொத்தானைத் தட்டி ஆக்குவதுதான் கஷ்டம். செல்போன் திரையில் ஓடுவதைப்போல் லட்சம் மடங்கு மின்னோட்டத்தைத் திணிக்க வேண்டும். திணித்தால் படலமே தன் ஒளியை விழுங்கத் தொடங்கும். மின்சாரத்தால் மூலக்கூறுகளில் பிறக்கிற ஆற்றல் கிளர்ச்சிகளில் நான்கில் மூன்று பங்கு ஒளிராத இனம், அவை சும்மாவும் இருக்காமல் வழியில் நின்று மற்றவற்றின் ஒளியையும் தின்னும். அதற்குமேல் சூடு. சூடேறுமுன் முடித்துவிட வேண்டும் என்று ஒரு நொடியை இருபது லட்சமாக நறுக்கி அதில் ஒரு துண்டு நேரம் மட்டும் மின்சாரம் விடுவாள். எட்டு மாதம், வாரத்துக்கு ஒரு தகடு. செத்துச் செத்துப் போன தகடுகளைப் போட்டுவைத்த பிஸ்கட் டப்பா நிறைந்து இன்னொரு டப்பா வாங்கினார்கள். அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை, எழுபது வோல்ட்டில், அகலமாக மேடுபோலக் கிடந்த நீலத்தின் நடுவிலிருந்து ஊசிபோல ஒரு கோடு எழுந்து நின்றது. கூட வேலைசெய்த மாணவி ருக்சானா "யா அல்லாஹ்" என்று சுகிர்தாவின் தோளைப் பிடித்தாள். பேராசிரியர் வைகுந்தநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். "இன்னொரு தடவை போடும்மா" என்றார். போட்டாள், வந்தது. மூன்றாவது முறை போட்டபோது புள்ளி செத்துவிட்டது. போகட்டும், செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டது என்றார்கள். முப்பத்தெட்டு வருட ஆசிரியர் வேலையில் அவர் மாணவர்களோடு கேன்டீனில் உட்கார்ந்து போண்டா தின்றது அன்றைக்குத்தான். வருகிற மார்ச்சில் ஓய்வு. "போறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துட்டேன்" என்றார், சட்னி விரலில் வழிய. அந்த விரல், அந்தச் சட்னி. அது எதற்கு இப்போது, என்று அவள் தலையை உலுக்கிக்கொண்டாள்.

அந்தக் கோடு நின்ற இடம் நானூற்று ஐம்பத்தொன்று. அங்கேதான் மனம் ஒவ்வொரு முறையும் போய் மாட்டிக்கொண்டது. லேசருக்கு ஒளி முன்னும் பின்னும் மோதி வர வேண்டும். அதற்காகத் தகட்டின் கண்ணாடியில் மிக நுண்ணிய வரிப்பள்ளங்களைச் செதுக்குவார்கள். செதுக்குவது ருக்சானாவின் வேலை. பள்ளங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் கோடு எந்த நிறத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும். கோடு வந்த முதல் தகடு நானூற்று ஐம்பத்திரண்டுக்காகச் செதுக்கியது. கோடு ஐம்பத்தொன்றில் வந்தது, சரி, ஒன்று அப்படி இப்படி இருக்கலாம். இரண்டாவது தகட்டை வேண்டுமென்றே நானூற்று ஐம்பத்தெட்டுக்குச் செதுக்கியிருந்தாள். கோடு நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. அதே ஐம்பத்தொன்று. அன்றைக்கு அளந்தவள் சுகிர்தா மட்டும்தான், ருக்சானா படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டிருந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. பிறகு ஆய்வகக் குறிப்பேட்டை இழுத்து, "இரண்டாம் தகட்டில் வரிப்பள்ளம் செதுக்கியதில் பிழை இருக்கலாம்" என்று எழுதினாள். எழுதும்போது பேனா தயங்கவில்லை. அதுதான் இப்போது பயமாக இருந்தது, பேனா தயங்காதது. அன்று மாலை பேருந்துக்கு நிற்கும்போது, சும்மா, ஒரு காரணமும் இல்லாமல், செல்போனில் தனிமங்களின் ஒளிக்கோடுகள் அடங்கிய அட்டவணையைத் திறந்தாள். காரணம் இல்லாமலா? தகட்டின் அடியில் மின்முனையாக இருக்கும் ஒளி ஊடுருவும் பூச்சில் என்ன உலோகம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? இண்டியம். இண்டியம் ஆவியாகி எரிந்தால் இரண்டு கோடுகள் தரும். ஒன்று நானூற்று ஐம்பத்தொன்று, மற்றது நானூற்றுப் பத்து. முதல் கோடு ஜன்னலுக்கு உள்ளே, இரண்டாவது ஜன்னலுக்கு வெளியே. அவள் ஏற வேண்டிய பேருந்து வந்து நின்று போனது. அது நடந்து இன்றைக்குப் பதினொரு நாள். பதினொரு நாளும் அவள் சாப்பிட்டாள், மகள் நிரஞ்சனாவுக்குத் தலை பின்னிவிட்டாள், பேராசிரியர் ஆய்விதழுக்குப் போயிருந்த லேசர் கட்டுரையின் மூன்றாவது திருத்தத்தை அனுப்பியபோது காற்புள்ளிகளைச் சரிசெய்து திருப்பி அனுப்பினாள். காற்புள்ளிகளை! கோடு லேசரின் கோடாகவும் இருக்கலாம் அல்லவா, தற்செயலாக இரண்டும் ஒரே இடத்தில் வரக் கூடாதா, உலகத்தில் எத்தனையோ தற்செயல்கள் நடக்கின்றன. இல்லை, எரிகிறது. புள்ளி சாகிற நேரத்தில் அதன் மின்முனை எரிகிற வெளிச்சத்தைப் பார்த்துத்தான் போண்டா தின்றோம்.

செல்போன் அதிர்ந்தது. இருட்டில் திரை முழுக்க வெள்ளையாக எரிய, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெயரைப் பார்த்தாள். ருக்சானா. எடுக்காமல் விடலாம். எடுத்தாள். "அக்கா, பிஸியா? ரெண்டே நிமிஷம்." மேலப்பாளையத்து வீட்டில் பின்னால் யாரோ மிக்ஸி ஓட்டும் சத்தம். "சொல்லு." "வியாழக்கிழமை விசாவுக்குப் போறேன்க்கா. அந்த ஜெர்மனிக்காரர் மறுபடி மெயில் போட்டிருக்காரு, கட்டுரை எந்த மட்டுல இருக்குன்னு. அதைப் பாத்துத்தான எனக்கு இடமே குடுத்தாரு. வாப்பாவ சம்மதிக்க வைக்கிறதுக்கே நாலு மாசம் ஆச்சு, இப்ப அவரே தெரு பூரா சொல்லிட்டாரு, எம் மக செஞ்ச லேசருன்னு." சிரித்தாள். சுகிர்தாவும் சிரிப்பதுபோல மூச்சு விட்டாள். "அக்கா, ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். என்னோட ரெண்டாவது தகடு இருந்துச்சுல்ல, ஐம்பத்தெட்டு. அதுல கோடு எங்க வந்துச்சு? கட்டுரையில அந்தப் படத்தையே காணோம்." பம்பு உறுமியது. மிக்ஸி நின்றது. இப்போது சொல்லிவிடலாம், நான்கே சொல். "வந்துச்சு" என்றாள். "ஐம்பத்தெட்டுலயா?" "வந்துச்சும்மா, கிட்டத்தட்ட. புள்ளி சீக்கிரம் போயிருச்சு. நான் உள்ள இருக்கேன், அப்புறம் பேசட்டுமா?" "சரிக்கா, சரிக்கா. ரெண்டு மணிக்குக் கலக்குங்க." திரை அணைந்தது. அணைந்த பின்னும் அதன் வெள்ளைச் சதுரம் இருட்டில் பச்சையாக மிதந்துகொண்டிருந்தது, எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வந்தது. கிட்டத்தட்ட. கிட்டத்தட்ட என்று ஏன் சொன்னேன். ஏழு நானோமீட்டர் கிட்டத்தட்டவா? ஒன்றிரண்டு பிசகினால் இரவெல்லாம் தூங்காத பெண் அவள். மூன்று வருடம் அந்த வரிப்பள்ளங்களோடு மல்லாடியவளிடம் கிட்டத்தட்ட என்றால் அவள் என்ன நினைத்துக்கொள்வாள். தன்மேல் தப்பு என்றுதான் நினைப்பாள்.

வியர்த்தது. குளிர்சாதனம் பதினெட்டில் ஓடியும் கழுத்துக்குப் பின்னால் வியர்த்தது. சொன்னால் என்ன ஆகும் என்று வரிசையாக யோசிக்கப் பார்த்தாள், வரிசை நிற்கவில்லை. பேராசிரியரின் முகம் வந்தது, அதை மறைத்துக்கொண்டு ஒரு நேர்காணல் அறை வந்தது, நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், "ஆறு வருஷ இடைவெளி இருக்கே, என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று ஒருவர் கேட்க மற்றவர்கள் காகிதத்தைப் புரட்டுகிறார்கள். குழந்தை வளர்த்தேன் ஐயா. பால் பொங்காமல் பார்த்துக்கொண்டேன். சமன்பாடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து இடங்களில் அதே கேள்வி. ஆறாவது இடத்தில் வைகுந்தநாதன் அதைக் கேட்கவில்லை. கிளவ் பாக்ஸ் என்ற காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியின் ரப்பர் கையுறைகளைக் காட்டி, "கை உள்ள விட்டு அந்த ஸ்க்ரூவ எடுங்க பாப்போம்" என்றார். எடுத்தாள். "திங்கக்கிழமை வந்துருங்க." அவ்வளவுதான் நேர்காணல். அந்த மனிதருக்கு நான் திருப்பிக் கொடுப்பது இதுவா? சொல்லாமல் விட்டால்? யாராவது ஒருநாள் ஜன்னலைத் திறப்பார்கள், ஜப்பானிலோ ஜெர்மனியிலோ. அப்போது அவர் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பார், பேப்பரைப் பிரித்துக்கொண்டு. அப்போது அவருக்குத் தெரிவது, இப்போது தெரிவது, எது கொடுமை? அல்லது யாருமே திறக்காமல் போகலாம். எத்தனையோ கட்டுரைகள் யாரும் படிக்காமலே கிடக்கின்றன. அப்படியும் நடக்கலாம் என்ற நினைப்பு வந்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று இளகி உட்காரப் பார்த்தது. அந்த இளக்கம்தான் அவளைத் தூக்கிவாரிப்போட்டது. சீ, என்று சத்தமாகவே சொன்னாள். எழுந்தாள். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது. குமிழைப் பிடித்து இடது பக்கம் ஒரு சுற்று, எண்ணெய் காணாத பல்சக்கரம் கிறீச்சிட்டது, இன்னொரு சுற்று. நானூற்றிலிருந்து நானூற்று எண்பது வரை. பிறகு மின்சாரத்தை ஏற்றத் தொடங்கினாள். முப்பது வோல்ட், நீல மேடு மெல்லத் தலை தூக்கியது. நாற்பது. ஐம்பது, மேடு உயர்ந்தது, ஊதாவில் ஒன்றும் இல்லை, வெறும் தரை. அறுபது, ஒன்றும் இல்லை. அறுபத்தைந்து. இல்லை! ஒரு கணம், ஒரே ஒரு கணம், தான் நினைத்ததெல்லாம் பிரமை என்று நெஞ்சு பொங்கி வந்தது, பதினொரு நாள் வீணாகப் பயந்திருக்கிறேன், மேரிமாதாவே, வீண். எழுபது.

இரண்டு கோடுகளும் ஒன்றாக எழுந்தன. வலது பக்கத்தில் பழக்கப்பட்டது, ஐம்பத்தொன்று. இடது பக்கத்தில், இத்தனை நாளும் வெறுமையாக இருந்த இடத்தில், அதைவிடச் சற்றுக் குட்டையாக, ஆனால் அதே ஊசி மெலிவோடு இன்னொன்று, நானூற்றுப் பத்து. அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இன்னொரு துடிப்பு, இரண்டும் நின்றன. இன்னொன்று. அடுத்ததில் திரை தட்டையாகிப் போனது, நான்காவது புள்ளியும் செத்துவிட்டது. நுண்நோக்கியில் குனிந்து பார்த்தாள், நீலம் இருந்த இடத்தில் கரிந்த ஒரு பள்ளம், ஓரங்கள் சுருண்டு. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. பசித்தது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. விழுந்த ஸ்டூலை நிமிர்த்தி வைத்தாள். உட்காரவில்லை.

கதவு தட்டப்பட்டது. "நான்தாம்மா." திரையை விலக்கிக்கொண்டு பேராசிரியர் உள்ளே வந்தார், குழுவுக்காகப் போட்ட வெளிர்நீலச் சட்டை தோள்பட்டையில் மழையில் நனைந்து ஒட்டியிருந்தது. "கார் கிண்டி தாண்டிருச்சாம், சாப்பாடு முடிச்சுட்டு நேரா இங்கதான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். திரையில் கடைசிப் படம் அப்படியே நின்றது. அவர் அதன் முன்னால் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றவில்லை, துடைக்கவில்லை. இடது பக்கத்துக் கோட்டின்மேல் விரலை வைத்தார், பிறகு வலது பக்கத்துக் கோட்டின்மேல். "இண்டியம்" என்றார். "ஆமா சார்." அவர் கோட்டிலிருந்து விரலை எடுத்தார். "எத்தன நாளா தெரியும்?" கேள்வி எதிர்பார்த்ததுதான். "பதினொரு நாள் சார். ரெண்டாவது தகட்டுல கோடு நகரலன்னு அன்னிக்கே தெரியும். சொல்லல." அவர் தலையாட்டினார். பக்கத்திலிருந்த மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். "எனக்கு ஒம்பது" என்றார். அவளுக்குப் புரியவில்லை. "என்ன சார்?" "நீ வழக்கம்போல அனுப்பின ரெண்டு தகட்டோட படத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சுப் பாத்தேன். ரயில்ல, மதுரை போகும்போது. ஒம்பது நாள் ஆச்சு." அவர் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது, அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "நீயா வந்து சொல்வேன்னு பாத்தேன். இல்ல, அதுவும் பொய். நீ சொல்லாம இருக்கணும்னு பாத்தேன். சொல்லலன்னா எனக்கும் தெரியாதுன்னு ஆயிரும்ல." சுகிர்தாவுக்கு ஆறுதல் வரவில்லை, கோபம் வந்தது. ஒன்பது நாள் இவரும் அதே வராந்தாவில் நடந்தார், அதே டீயைக் குடித்தார், என் முகத்தைப் பார்த்து "தூக்கமில்லையாம்மா?" என்று கேட்டார். கோபம் தொண்டைவரை வந்தது, வந்த வேகத்தில் அவள் காற்புள்ளிகள் சரிசெய்தது ஞாபகம் வந்தது, கோபம் போக இடமில்லாமல் நின்றது. "கமிட்டிக்கு என்ன சார் சொல்றது?" "இதைத்தான். ரெண்டு கோட்டையும் பெருசா போடு, கடைசி வரிசையில உக்காந்திருக்கிறவனுக்கும் தெரியணும். கட்டுரைய நான் திருப்பி வாங்கிக்கறேன்னு இப்பவே எழுதிடறேன்." எழுந்தார். எழுவதற்கு இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. "அந்தப் பொண்ணுக்கு மொதல்ல சொல்லணும். அந்த ஜெர்மனிக்காரனுக்கு சிபாரிசுக் கடிதம் எழுதினவன் நான், நானே பேசறேன்" என்று செல்போனைத் தேடிக்கொண்டே வெளியே போனார். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. வராந்தாவின் வெளிச்சம் ஒரு கீற்றாகத் தரையில் விழுந்தது. படத்தைச் சேமிக்கப் போனாள். கணினி பெயர் கேட்டது. தேதியைத் தட்டினாள், இண்டியம் என்று தட்டினாள். வெளியே மழைச் சத்தத்துக்குள் அவர் குரல் கேட்டது. "நல்லா இருக்கியாம்மா... ஆமா, அதைப் பத்தித்தான். அது லேசர் இல்லம்மா. மின்முனை எரிஞ்சிருக்கு." பிறகு மழை மட்டும். "இல்லம்மா, அழாத. ரெண்டாவது தகடா? நோட்புக்ல செதுக்கினதுல பிழைன்னு போட்டிருக்கு, ஆனா..." அவர் நிறுத்தினார். சரியான வார்த்தை தேடுகிறார் என்று தெரிந்தது, யாரையும் குற்றம் சொல்லாத ஒரு வார்த்தை. அவர் அதைக் கண்டுபிடித்துவிடுவதற்குள் அவரிடம் போய்விட வேண்டும். சுகிர்தா கையுறைகளை உருவி மேசைமேல் எறிந்தாள், திரையை ஒதுக்கி வராந்தாவுக்கு வந்தாள், கண் கூசியது. கையை நீட்டினாள். "குடுங்க சார்" என்றாள். "அதை எழுதினது நான். நான்தான் அவகிட்ட சொல்லணும்."